எதிரில் இருக்கும் இடம்

மகள் பிறப்பதற்கு முன்பு, பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் சீட்டாடும்போது என் கணவருக்கு எதிரில் உட்காருபவள் நான்தான். யட்டவத்தையிலிருந்து கொழுந்தனும் அவர் மனைவியும் காலை பஸ்ஸில் வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் இரத்தோட்டையில் எங்கள் முன்னறையில் பாய் விரித்து முந்நூற்று நாலு ஆடுவோம். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஆளுக்கு எட்டுச் சீட்டு. பலத்திலும் புள்ளியிலும் ஜாக்தான் பெரியது, அடுத்தது ஒன்பது. எந்த இனம் துரும்போ, அது மற்றதையெல்லாம் வெட்டும்.

பிள்ளை பெற்றபின் ஆறு மாதம் நான் ஆடவில்லை. பக்கத்து வீட்டு ஆசிரியர் நாலாவது ஆளாக வந்தார். நான் திரும்பி வந்தபோது என் இடத்தில் கொழுந்தனின் மனைவி இருந்தாள்.

"அக்கா, மாமாவும் நானும் செட்டாயிட்டோம். நீங்க இவரோட ஒக்காருங்க. கொஞ்சம் திட்டுவாரு, கண்டுக்காதீங்க."

என் கணவரை அவள் மாமா என்பாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் கணவர் ஒரு சீட்டை இறக்கினால் அவள் தலை நிமிராமலே அதற்குப் பொருத்தமானதைப் போட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். தேநீருக்கு எனக்கு எவ்வளவு சீனி என்று அவர் இன்னமும் கேட்கிறார்.

போக்கர் ஆடுபவர்கள் தங்கள் ஆட்டங்களை எழுதிவைத்து, எங்கே பிழைத்தோம் என்று பிறகு பார்ப்பார்கள் என ஒரு காணொளியில் கண்டிருந்தேன். முன்பள்ளியில் படிப்பித்த காலத்துப் பாடக்குறிப்புக் கொப்பியில் பக்கங்கள் மிச்சமிருந்தன. போயாவுக்கு மறுநாள் மகள் பகலில் தூங்கும் நேரத்தில், முதல்நாள் ஆட்டத்தை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஆட்டத்தைத் திருத்திக்கொண்டால் என் இடம் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. மூன்று போயாக்கள் எழுதினேன்.

மூன்றாவது போயாவன்று அவள் அடிக்கடி தோட்டைத் தொட்டாள். ஒருமுறை தொட்டதும் அவர் இஸ்பேட் இறக்கினார். மறுமுறையும் இஸ்பேட். அதையும் எழுதி அடிக்கோடிட்டேன்.

கிளினிக் அட்டையைத் தேடியபோது கொப்பி கணவரின் கையில் அகப்பட்டது. நின்றபடியே புரட்டினார்.

"என் சீட்டு இருக்கு. அவ சீட்டு இருக்கு. அவ தோட்டத் தொட்டதுகூட இருக்கு. ஒன் சீட்டு எங்க?"

வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே சில இடங்களில் நான்கு சீட்டு, சில இடங்களில் மூன்று. மீதி வெற்றிடம். அவளுடைய எட்டும் வரிசை மாறாமல் இருந்தன.

"அவ ஒங்களுக்குக் குறி காட்டுறாளோன்னு நெனச்சேன்."

"அடிப்பாவி! அது புதுத் தோடு. காது புண்ணாயிருச்சுன்னு அன்னைக்கு முழுக்கப் பொலம்புனாளே, கேக்கலையா?"

நான் கேட்கவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது. அதுவும் குத்தியது.

"நான் ஒங்களுக்கு எதிர்ல ஒக்காரணும்ங்க."

"ஒக்காரு. யாரு வேணாம்னா? ஆனா நான் ஜாக் போட்டா, அத நீயே வெட்டக் கூடாது. முன்னாடியெல்லாம் அதத்தான் செய்வ."

இல்லை என்று சொல்லிவிட்டுக் கொப்பியோடு உள்ளே போனேன். அந்த அரைகுறைக் குறிப்பிலேயே மூன்று இடங்கள் இருந்தன. கொழுந்தன் ஜாக் போட்டு எங்களுக்கே வரவேண்டிய சுற்றை, வேறு யாராவது வெட்டிவிடுவார்களோ என்று நானே துரும்பு போட்டு வெட்டியிருந்தேன். கணவர் மகளுக்குச் சட்டை மாட்டிவிட்டால், பித்தானைக் கழற்றி நான் மறுபடி மாட்டுவதுபோல.

அடுத்த போயாவுக்கு அவர்கள் வந்ததும் கணவரே விஷயத்தைச் சொன்னார்.

"ஐயையோ, என் வேலையப் புடுங்கிட்டாங்களே!" என்று அவள் கொழுந்தனுக்கு எதிரே நகர்ந்தாள். இவ்வளவு இலேசாக விட்டுக்கொடுக்கக்கூடிய இடத்துக்காகவா நான் மூன்று மாதம் எழுதினேன்?

கடைசி ஆட்டத்தில் இரண்டு சுற்று மிச்சம். கிளாவர் துரும்பு. கணவர் இஸ்பேட் ஜாக்கை இறக்கினார். கொழுந்தன் ஒரு சின்ன இஸ்பேட் போட்டார். அடுத்தது நான். என்னிடம் இஸ்பேட் இல்லை. ஒரு கிளாவர் இருந்தது, ஆட்டின் இனத்து ஒன்பது இருந்தது. விரல் கிளாவருக்கே போனது. கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதைப் போட்டேன். அவ்வளவு புள்ளியையும் அவர் ஜாக்கின்மேல் ஏற்றிக் கொடுத்தேன்.

அவள் கிளாவர் ஒன்பதால் வெட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா!" என்று கைதட்டினாள். ஆட்டம் அதோடு போயிற்று. கணவரும் அவளோடு சேர்ந்து சிரித்தார். பிறகு சீட்டுகளைக் கூட்டிச் சேர்த்தபடி என்னிடம், "நீ சரியாத்தான் போட்ட," என்றார்.

மறுநாள் பகலில் எழுதினேன். என் எட்டுச் சீட்டும் ஒன்று விடாமல் வந்தன. அவளுடையவற்றில் கிளாவர் ஒன்பது மட்டுமே நினைவுக்கு வந்தது. அவர் சிரித்ததையும் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அடித்த பின்னும் அது வாசிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது.