மாலை வேதியியலுக்கு இருபது பேர்

கட்டைவிரலில் ரப்பர் உறை. மற்ற விரல்கள் தாள்களின் ஓரத்தை மேசையில் தட்டிச் சமன் செய்தன, ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி எடுத்தன, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளின. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிமேல் சுட்டுவிரல் நின்றுவிட்டது.

“செர்ரிப் பழம்!” என்றார் விரலுக்குச் சொந்தக்காரர்.

“காலைச் சாப்பாடு ஆகலையா, தியோலிண்டா?” என்றார் பின்னால் நின்ற ரஸ்ஸல் கெர்க்கெண்டால். அறிவியல் துறைத் தலைவர். கையில் காபி, முகத்தில் கவலை.

தியோலிண்டா போர்பாவுக்கு ஐம்பத்தேழு வயது. கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில், பால்பண்ணைகளுக்கும் ஆரஞ்சுத் தோப்புகளுக்கும் நடுவே உள்ள அரசு சமுதாயக் கல்லூரியில், சேர்க்கைப் பிரிவின் மூன்றாம் சன்னல் அவருடையது. போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்து மாடு கறந்த குடும்பம். இரண்டு வருடப் படிப்பை இதே கல்லூரியில், பருவத்துக்கு ஒரு பாடமாக, ஒன்பது வருடம் படித்து முடித்தவர். சேர்க்கை விதிப்புத்தகத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மதிய இடைவேளைகளில் தொத்திறைச்சி ரொட்டியைக் கடித்தபடி தானே படித்தார். பல பக்கங்களில் எண்ணெய்க் கறை உண்டு.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் பருவம் தொடங்குகிறது. மாலை வேதியியல் வகுப்பில் பதினெட்டுப் பேர். நண்பகல் பன்னிரண்டுக்குள் இருபது சேராவிட்டால் வகுப்பு ரத்து.

“பதினெட்டு பேருக்கு ஒரு வாத்தியார் சம்பளமான்னு மேல கேக்கறாங்க. நான் என்ன பண்ண?” என்றார் ரஸ்ஸல்.

“காபி குடிங்க சார். இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு.”

பணம் கட்டாதவர் பெயரைக் கணினி தானாகவே நீக்கிவிடும். நீக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்துப் படிப்பது தியோலிண்டாவின் வழக்கம். பணம் கட்டாமல் போனதற்கு ஏதோ ஒரு காரணம் தாளில் இருக்கும் என்பது அவர் கணக்கு. இப்போது விரலுக்கடியில் இருந்தது யெசீனியா செபேடாவின் விண்ணப்பம். ‘இந்த மாநிலத்தில் எப்போதிலிருந்து வசிக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, போன அக்டோபர் பத்தொன்பது என்று எழுதியிருந்தாள். மூன்று மாதம்கூட ஆகவில்லை; உள்மாநிலக் கட்டணத்துக்கு ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். கணினி அவளை வெளிமாநிலத்தவள் என்று முடிவுகட்டி, இருநூற்றுச் சொச்சம் டாலருக்குப் பதில் இரண்டாயிரத்துக்கு மேல் கேட்டிருந்தது.

செர்ரி, ஆப்பிள் பறிக்க வடக்கே போகும் குடும்பங்கள் ஊர் திரும்பும் மாதம் அக்டோபர் என்பது தியோலிண்டாவுக்குத் தெரியும். தொலைபேசியை எடுத்தார். யெசீனியா ஆரஞ்சு பொதியும் கொட்டகையில் இருந்தாள். பின்னணியில் இயந்திர இரைச்சல்.

“அக்டோபருக்கு முன்னாடி எங்கம்மா இருந்த?”

“வாஷிங்டன்ல, மேடம். ஜூன்ல செர்ரி, அப்புறம் ஆப்பிள். வருஷா வருஷம் போவோம்.”

“அப்ப வீடு?”

“இங்கதான். அஞ்சு வருஷமா அதே வீடு.”

“அப்ப அஞ்சு வருஷம்னு எழுதறதுக்கென்ன?”

“நடுவுல இல்லையே மேடம். பொய் எழுதக் கூடாதில்ல?”

தியோலிண்டா நெற்றியில் கைவைத்தார். “நல்ல பொண்ணும்மா நீ! உன் நேர்மைக்கு ரெண்டாயிரம் டாலர் அபராதம்.”

எதிர்முனையில் சிரிப்பு வரவில்லை. “நர்சிங்குக்கு இந்தப் பாடம் வேணும். பகல்ல வேலை, சாயங்கால வகுப்புதான் தோது. இப்ப விட்டா இன்னொரு வருஷம் போயிடும். அவ்வளவு பணத்துக்கு எங்க போறதுன்னு விட்டுட்டேன்.”

“விடாதே. போன ஜூலை மாசத்து மின்சார பில் இருக்கா?”

“ஜூலைல வீட்ல யாருமே இல்லையே!”

“அதான் வேணும். வாடகை ரசீதும் எடுத்துக்கோ. பதினொண்ணரைக்குள்ள வா.”

“மேடம்... இதே வகுப்புக்குச் சித்தப்பா பையன் உலீசஸ் ஃபாரத்தையும் நான்தான் நிரப்பினேன்.”

“அதே தேதியா?”

“அதே தேதி.”

“அவனையும் இழுத்துட்டு வா!” என்று கத்திவிட்டு, தியோலிண்டா ரஸ்ஸலைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

ஜனவரி மூடுபனியில் எதிரில் வரும் வண்டி தெரியாது. பதினொன்றரை ஆயிற்று, அவர்களைக் காணோம். தியோலிண்டா ஐந்து நிமிடத்தில் நாலு முறை சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பதினொன்று முப்பத்தெட்டுக்கு இருவரும் ஓடிவந்தார்கள், கையெல்லாம் ஆரஞ்சுத் தோல் வாசனை.

ரஸ்ஸல் பில்லை வாங்கிப் பார்த்தார். “ஒன்பது டாலர். வீட்ல யாரும் இல்லைன்னுதானே இது காட்டுது?”

“ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடியிருக்கு. திரும்பி வராதவன் காலி வீட்டுக்கு வாடகையும் கட்டி ஃப்ரிட்ஜையும் ஓடவிடுவானா? வேலைக்காகப் போயிட்டு வர்றது குடியிருப்பை முறிக்காது. விதி இருக்கு, காட்டட்டுமா? போன கோடைல நீங்க ஹவாய் போனீங்களே சார், வெளிமாநிலத்து ஆளாயிட்டீங்களா?”

“அது ரெண்டு வாரம்...”

“இவங்க போனது உழைக்க.”

ரஸ்ஸல் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். அது காலியாக இருந்தது.

தியோலிண்டா இரண்டு விண்ணப்பங்களிலும் தேதியைத் திருத்தி, ரசீதுகளைப் பின்னால் சேர்த்து, முத்திரை குத்தினார். கட்டண விலக்குப் படிவத்தையும் நீட்டினார். “இதுலயும் கையெழுத்து போடுங்க. அந்த இருநூறும் கட்ட வேண்டாம்.”

“எனக்கு வேதியியல்னா பயம் மேடம்,” என்றான் உலீசஸ்.

“உன் பயத்துக்குத் திங்கள்கிழமை வரைக்கும் நேரமிருக்கு. பன்னெண்டுக்கு இன்னும் எட்டு நிமிஷம்தான். போடுடா!” என்றாள் யெசீனியா.

அச்சு இயந்திரம் முனகியது. தியோலிண்டா தாளை உருவி, வாய்க்குள் முணுமுணுத்துச் சரிபார்த்தார். சியாங், காலேத், தில்லான், மெண்டோன்சா, பிரிஜஸ், பகலில் பால் வண்டி ஓட்டும் ஐம்பத்தொரு வயது ஹாஸ்கின்ஸ், கைக்குழந்தைக்காரி தாவ் மூவா... கடைசியில் இரண்டு செபேடா. ஒரு மூலையை மடித்து, ஸ்டேப்ளரை அழுத்தினார்.

“இருபது. எண்ணிப் பாத்துக்கோங்க சார்.”

ரஸ்ஸல் எண்ணவில்லை. தியோலிண்டா நீட்டிய பட்டியலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.