பவளத்தின் கடைவாய்ப்பல்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பவளம் எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். ஈறு நோயால் ஆடிய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய யாழ்ப்பாணத்து டாக்டர் ஊர்மிளா, "இதை ஆராய்ச்சிக்குத் தருவீங்களோ அம்மா?" என்று கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆடிப்போன பல்லை எவன் கேட்பான்?

"அதுல அப்படி என்னாங்க இருக்கு?"

"வேரிலை ஒட்டியிருக்கிற சவ்விலை, எலும்பை உண்டாக்கிற மூலக்கலங்கள், அதுதான் ஸ்டெம் செல்கள், இருக்கு. ஈறு நோய் வந்தால் அதுகள் ஒழுங்கா வேலை செய்யாது. கலத்துக்குள்ளை ஆர்.என்.ஏ எண்டு ஒண்டு இருக்கு. அதிலை சிலது புரதம் செய்யாது, கட்டளை மட்டும் போடும். எது இந்த வேலையை நிப்பாட்டுது எண்டுதான் தேடுறம்."

பவளத்துக்குக் காலையில் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா பேர் கொடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் ஞாபகம் வந்தது.

"ஆளும் நிக்குது, வேலையும் கெடக்கு, கண்டாக்கையாதான் பேரு குடுக்கல. அப்படித்தானுங்களே?"

"அப்பிடித்தான்."

"அந்தக் கண்டாக்கு எங்கேருந்து வந்தவன்? வெத்தலையிலயா, தண்ணியிலயா?"

"வெளியிலை இருந்து வாறேல்லை அம்மா. உங்கட கலத்துக்குள்ளையே உண்டாகிறதுதான்."

பல்லைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். தராசை, கங்காணியை, கடைக்காரனை என்று ஊரையே சந்தேகப்பட்டவள், உள்ளே இருந்த ஆளைக் கோட்டைவிட்டுவிட்டாளே!

மறுநாள் கொழுந்து நிறுத்தபோது அவள் கண் வழக்கம்போல முள்ளின்மேல்தான் இருந்தது. நாக்கு மட்டும் மிச்சமிருந்த பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.