தம்பியின் மாலைக்கண்

எனக்கு ஒன்பது வயதில் ஐயாவிடம் வாங்கிய ஓர் அடியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஐயா காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. ஆனாலும் அது அநியாய அடி.

இரண்டாம் உலக யுத்த காலம். நாங்கள் நெடுந்தீவில் இருந்தோம். வீட்டில் நான்கு பசுக்கள், இருபதுக்கு மேல் ஆடுகள், வளவு நிறையக் கோழிகள். இவ்வளவு இருந்தும் எனக்கும் மூன்று வயதுத் தம்பிக்கும் கிடைத்தது சோறும் சொதியும்தான். பாலை அம்மா தயிராக்கி, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கிப் போத்தலில் அடைப்பார். எங்களுக்கு மோர் மிஞ்சும். முட்டைகளை உமிக்குள் புதைத்துப் பெட்டியில் அடுக்குவார். போத்தலும் பெட்டியும் வள்ளத்தில் ஏறி யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போய்விடும். அங்கே விடுதியில் தங்கி அண்ணை இங்கிலீசு படித்தார். படிக்கிற மூளைக்கு நெய் வேண்டும் என்பது ஐயாவின் கட்சி. வேலியோரம் முருங்கை தழைத்து நின்றது. மகன் இங்கிலீசு படிக்கத் தொடங்கிய பிறகு ஐயா அந்த இலையைச் சட்டியில் காண விரும்பவில்லை. இலைகுழை தின்பது ஆடுதான், இங்கிலீசு படிக்கிறவன் வீட்டுக்கு அது மதிப்பில்லை என்றார். ஆடுகள் கொழுத்தன.

அந்த வருடம் மாரி முடிந்த கையோடு தம்பி விழத் தொடங்கினான். பகலில் ஒரு குறையுமில்லை. பொழுதுபட்டால் கல்வேலியில் முட்டுவான். கட்டிக் கிடக்கும் மாட்டின்மேல் தடுக்கி விழுவான். ஒவ்வொரு தடவையும், "நீ எங்கை பாத்துக்கொண்டு நிண்டனி?" என்ற கேள்வி எனக்குத்தான் வரும்.

ஒருநாள் கருகல் நேரத்தில் அவன் சுற்றுக்கட்டு இல்லாத கிணற்றை நோக்கி நேராக நடந்தான். நான் ஓடிப்போய் அரைஞாணில் பிடித்து இழுத்தேன். இருவரும் கிணற்றடிச் சேற்றில் விழுந்தோம். அவன் குழறின சத்தத்துக்கு வந்த ஐயா பூவரசங்கம்பு ஒன்றை முறித்தார்.

"நான் விடேல்லை ஐயா. அவனுக்குக் கண் தெரியேல்லை."

"பகல் முழுக்கக் காகம் கலைக்கிறவனுக்குக் கண் தெரியேல்லையோ? இப்ப பொய்யும் பழகியிட்டாய்."

அடியைவிடப் பொய் என்ற சொல்தான் எரிந்தது. உயிரைக் காப்பாற்றியவள் நான். கம்பும் எனக்கு, பொய்க்காரி என்ற பட்டமும் எனக்கு.

மறுநாள் அதே நேரம் ஐயா பட்டியடியிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். ஒரு பனங்கட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தம்பிக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், பேசாமல் நின்றேன். பனங்கட்டியைக் கண்டால் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் அவன். என் தோளுக்கு மேலால் எங்கோ பார்த்தபடி, "அக்கா எங்கை போட்டா?" என்று கேட்டான்.

ஐயா கிட்ட வந்து தன் கையை அவன் முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தார். தம்பி கண் சிமிட்டவில்லை.

அடுத்த நாள் பாய்வள்ளத்தில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். டொக்டர் தம்பியின் கண் இமையை விரித்துப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீர்?"

"சோறு, சொதி."

"பால், முட்டை?"

"அது மூத்தவனுக்கு அனுப்புறனாங்கள். அவன் படிக்கிறான்."

"இலை வகை?"

ஐயாவை முந்திக்கொண்டு, "முருங்கையிலை எல்லாம் ஆடு தின்னும்," என்று நான் சொன்னேன்.

"அப்ப ஆட்டுக்குக் கண் நல்லாத் தெரியும்," என்ற டொக்டர் ஐயாவின் பக்கம் திரும்பினார். "படிக்கிறவனுக்கு மட்டுமோ கண் வேணும்? இது மாலைக்கண். விற்றமின் ஏ எண்டு ஒரு சத்து இவன்ரை உடம்பிலை இல்லை. இன்னும் கொஞ்சநாள் விட்டால் கண் அவிஞ்சுபோகும். பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. ஈரல் குடும், பால் குடும், முட்டை குடும், முருங்கையிலை குடும். எல்லாம் உம்மடை வளவிலைதானே கிடக்குது."

ஒரு போத்தல் மீனெண்ணெயும் தந்தார்.

இரண்டு கிழமைக்குள் தம்பி பொழுதுபட்ட பிறகும் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடினான். விடுமுறையில் வந்த அண்ணையோ, நெய் மணம் தனக்கு ஆகாது, விடுதியில் கூட்டாளிகளுக்குத்தான் கொடுப்பது என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு அடி விழவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று என்னிடம் யாரும் சொல்லவுமில்லை.

ஆஸ்பத்திரியால் வந்த மறுநாளே ஐயா கிடாய் ஒன்றை அடிப்பித்தார். ஈரல் அடுப்பில் ஏறியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். பகல் முழுக்க ஓடியாடி வேலை செய்தவர் குசினிச் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, "பிள்ளை, ஈரல் இன்னும் சிவப்பாய்க் கிடக்குதோ எண்டு பார்," என்றார். விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. இதற்கும் நானா என்று எனக்குச் சினம் வந்தது.

"ஏன், உங்களுக்குக் கண் இல்லையோ?"

அம்மா சட்டியின் விளிம்பை விரல்களால் தேடிப் பிடித்து, ஈரல் முழுவதையும் தம்பிக்கும் எனக்குமாக வழித்துப் போட்டார். தனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை. தம்பியின் பங்கு என்னுடையதைவிடப் பெரிது என்று நான் அன்றிரவு முழுக்க அம்மாவோடு பேசவில்லை.