பச்சை டப்பா, நீல டப்பா

அந்தத் தெருவை நினைத்தால் பால் கவர்கள்தான் முதலில் கண்ணில் நிற்கின்றன. கழுவி, தண்ணீர் வடிய, துணிக்கொடியில் வரிசையாகக் க்ளிப் போட்டு மாட்டியிருப்பார் தறிக்கார அக்கா. காய்ந்ததும் அடுக்கி, தறியில் மிஞ்சிய சிவப்பு நூலால் கட்டி நீல டப்பாவில் வைப்பார். வீட்டின் முன்பாதியில் இரண்டு பவர்லூம் ஓடும். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவர் குரலே தெருமுனைவரை கேட்கும்படி ஆகிவிட்டிருந்தது.

ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கத்துச் சிறு நகரம் அது; பெயர் வேண்டாம். அங்கே வார்டு சுகாதாரச் செயலாளர் வேலை எனக்கு முதல் வேலை. ஈரக் குப்பை பச்சை டப்பாவில், உலர்ந்த குப்பை நீல டப்பாவில் என்று வீடு வீடாகச் சொல்லிப் பழக்க வேண்டும். குப்பை வண்டி இதையே தெலுங்கில் பாட்டாகப் போட்டுக்கொண்டு போகும். தமிழ் பேசும் நெசவாளர் தெருவில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பேசியபோதும் பாதி கதவுகள் திறக்கவில்லை. திறந்தவர் அக்கா. “வண்டி இன்னாவோ பாடிக்கினு போவுது. நீ நம்ம பாஷையில சொல்ற. நம்ம பொண்ணு பொய்யா சொல்லப்போறா?” என்றார்.

அதன்பிறகு என் வேலையை அவர்தான் செய்தார். காலையில் வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். பச்சை டப்பாவில் ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்தால் அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவார். எதிர்வீட்டுக்காரி, “குப்பைக்காரிக்கு வேற பொழப்பு இல்ல” என்று ஜாடை பேசினாள். இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. சொந்த நாத்தனாரிடமே சண்டை போட்டார். ஐந்தாறு மாதத்தில் தெரு முழுவதும் இரண்டு டப்பாவோடு வாசலுக்கு வந்தது. நான் போட்டோ எடுத்து மேலே அனுப்பினேன். அதிகாரிகள் வந்து அக்காவுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரமே நான் குப்பை மேட்டுக்குப் போயிருந்தேன். வண்டியில் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனி அறை இருந்தது. மேட்டில் இரண்டும் ஒரே குவியலில்தான் கொட்டப்பட்டன. பிரிக்கவும் உரமாக்கவும் அங்கே ஒரு ஷெட்கூட இல்லை. சுகாதார இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். “முதல்ல ஜனங்களுக்கு அலவாட்டு, பழக்கம் ஆகட்டும்மா. பழகிட்டாங்கன்னா ஷெட்டு தானா வரும்” என்றார். எனக்கு வேலை நிரந்தரம் ஆகாத சமயம். நம்பினேன் என்று சொல்ல ஆசைதான். கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவே.

ஒருநாள் அக்காவின் கம்மல் காணாமல்போனது. தலைக்குக் குளிக்கும்போது கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்ததை, யாரோ வெறும் காகிதம் என்று நீல டப்பாவில் போட்டிருக்கிறார்கள். வண்டி போய்விட்டது. ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனார். உலர்ந்த குப்பையைத் தனியாக வைத்திருப்பார்கள், தேடினால் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் போனார். அந்த நினைப்பை அவருக்குக் கொடுத்தவள் நான்.

பத்தரை மணிக்கு ஆபீசுக்கு வந்தார். புடவையில் புகை நாற்றம். காது இரண்டும் வெறுமையாக இருந்தன. கையில் சிவப்பு நூல் கட்டிய பால் கவர்க் கட்டு. அதன்மேல் சாம்பார் வழிந்து, ஒரு மூலை கருகியிருந்தது.

“எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கொளுத்திக்கினு கீறாங்க. உனக்குத் தெரியுமா?”

“ஷெட் வரப்போகுதுக்கா...”

“அத்தக் கேக்கல. தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

அக்காவின் அந்தக் குரல் முதல்முறையாகத் தணிந்து கேட்டது. “எத்தினி பேரு கிட்ட சண்ட போட்டேன் உனக்காக,” என்றார். பால் கவர்க் கட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கம்மலைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை; ஆட்டோக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் அக்கா எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, “இன்னா, இன்னிக்கு எந்தக் கலரு?” என்று கேட்டுச் சிரித்தாள். அக்கா உள்ளே போய்த் தறியை ஓட்டினார். அந்த வாரத்துக்குள் தெருவே பழையபடி ஆனது. அதற்கு அடுத்த மாதம்தான் எங்கள் வார்டைச் சிறந்த வார்டு என்று தேர்ந்தெடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள். அதில் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார் அக்கா. பேனரை இறக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. மேடையேறி, கைதட்டலுக்கு நடுவே சான்றிதழை வாங்கிக்கொண்டேன். வேலையும் நிரந்தரமானது.

இப்போது திருப்பதியில் இருக்கிறேன். அந்த ஊரில் ஷெட் வந்துவிட்டதாம். உரத்தொட்டிகள் கட்டி, பிளாஸ்டிக்கை அழுத்திக் கட்ட மெஷினும் வைத்திருக்கிறார்களாம். நான் சொன்ன பொய் தாமதமாக உண்மையாகிவிட்டது. போன வாரம் அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் செயலாளர் பெண் போன் செய்தாள்.

“மேடம், மத்த தெருவெல்லாம் பரவால்ல. நெசவாளர் தெருவுல ஒரு பெரியம்மா இருக்காங்க. ஷெட்டுக்கே வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன், வர மாட்டேங்கறாங்க. மத்தவங்களையும் பிரிக்க வேணாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீங்க அவங்களுக்கு நல்லாப் பழக்கமாமே. ஒரு தடவ வந்து பேசுங்களேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. ஷெட்டைக் காட்டவும் தயாராக இருக்கிறாள். ஒன்றரை மணி நேர பஸ் பயணம்தான்.

லீவு கிடைக்காது என்றேன்.