கொரக்காவுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்?

இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துப் பழைய பங்களாவில் நானும் நான்கு பிரெஞ்சுப் பெண்களும் விருந்தினராகத் தங்கியிருக்கிறோம். மீன் கறியில் புளிப்புக்காகப் போட்டிருந்த கருப்புக் கொரக்காப் பழத் துண்டுகளைப் பார்த்து, நேற்று அவர்கள் கறியையே தொடவில்லை.

"பிரெஞ்சுல அதுக்கு என்ன பேருன்னு பாத்துச் சொல்லுங்க சார். இன்னைக்கும் சட்டி அப்படியே திரும்பி வந்தா, பங்களாத் தொரை என்னைய சமைக்க விடாம பாண் ரொட்டி வெட்டத்தான் விடுவாரு" என்கிறார் சமையல்காரர் அந்தோணி.

போனில் தேடுகிறேன். கார்சினியா. பிரான்சில் அதை உடம்பு இளைக்கும் மாத்திரையாக விற்கிறார்களாம். பெயரை மட்டும் அட்டையில் எழுதிச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறோம்.

பகல் சாப்பாடு முடிந்து சட்டி வருகிறது. மீன் அப்படியே இருக்கிறது. கொரக்கா ஒரு துண்டுகூட இல்லை.

அந்தோணி கரண்டியால் கிளறிப் பார்க்கிறார்.

"புளியத் தின்னுட்டு மீன வச்சிருக்காங்களே! இதுக்குப் பிரெஞ்சுல என்னங்க பேரு?"