டாலிகஞ்சில் அடுக்கிய அறைகள்

வீடு விற்கிற தொழிலில் செங்கல், சிமெண்ட் பற்றித் தெரிந்தால் போதாது; ஜனங்களுக்கு வரும் சந்தேகம் எத்தனை விதம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் செங்கல்லே கிடையாது என்பதால் சந்தேகம் இரட்டிப்பு. ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இரும்புச் சட்டம் போட்டு, குழாய், ஒயர், குளியலறை ஓடு வரை எல்லாம் பதித்து, முழு அறையாகவே லாரியில் கொண்டுவந்து கிரேனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவோம். தூசி குறைவு, தண்ணீர்ச் செலவு குறைவு, என்றைக்காவது பிரித்தாலும் இரும்பு வீணாகாது. டாலிகஞ்சில் ஒரு பழைய குடியிருப்பு இருந்த இடத்தில் இப்படித்தான் இருபது மாடி எழுந்தது. வாங்கியவர்களுக்குப் பதில் சொல்லும் நாற்காலி எனக்கு. அப்பாவின் பாங்க் உத்தியோகத்தால் இதே ஊரில், பக்கத்துப் பேட்டையான பாலிகஞ்சில் வளர்ந்தவள் நான். பெங்காலியிலும் தமிழிலும் திட்டு வாங்கத் தெரியும். என்னைப் போலவே வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சம்பளம் வாங்கும் உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

பந்தலும் குளியலறையும்

முதல் லாரிகள் வந்தது துர்கா பூஜைக்கு முந்தின மாதம். எங்கள் சந்தின் முனையில் தெரு கிளப்காரர்கள் பந்தலுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். லாரிமேல் இருந்த அறை அந்த மூங்கில்களின் இடைவெளியைவிட ஒரு சாண் அகலம். பின்னால் இன்னும் இரண்டு லாரி. முதல் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கிளப் செயலாளர் பாப்லுதாவின், அதாவது பாப்லு அண்ணனின், கதவைத் தட்டினேன். பல் தேய்த்துக்கொண்டே வந்தவர், தேவி வரும் வழிக்குக் கட்டினது, அவிழ்க்க முடியாது என்றார். சரி, உள்ளே என்ன இருக்கிறது என்றாவது வந்து பாருங்கள் என்றேன். ஏணி வைத்து, பிளாஸ்டிக் உறையை விலக்கிக் காட்டினோம். ஓடு பதித்த குளியலறை, வாஷ்பேசின், முகம் பார்க்கும் கண்ணாடிகூட. அவருக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்று ஏறிப் பார்த்தது. அப்புறம் அவர்களே நாலு மூங்கிலை அவிழ்த்து, மூன்று லாரியும் போனபின் திரும்பக் கட்டினார்கள். முடிச்சை இறுக்கியபடி பாப்லுதா சொன்னார்: "இந்தச் சந்தில் லாரியில் வந்து இறங்குகிறவள் துர்கா ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இப்போது குளியலறையும் வருகிறது."

என் கையெழுத்து

இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. சமையலறைக்கு இரண்டு வரைபடம் உண்டு. ஒன்று மற்றதைக் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். ஒன்பதாம் மாடியில் ஷெஃபாலிதி, நம் வழக்கில் ஷெஃபாலி அக்கா, கேட்டது ஒன்று, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியது மற்றொன்று. கண்டுபிடித்தபோது அதன் மேல் மூன்று மாடி ஏறிவிட்டது. நீயே போய்ச் சொல், அவர் வீடு வேண்டாமென்றால் நீயும் வேண்டாம் என்றார் மேனேஜர்.

ஷெஃபாலிதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆயுள் முழுக்க வாடகை வீடுகளில் இருந்தவர், அங்கே இருந்த மாதிரியே கேட்டிருந்தார். அழைத்துப்போய்ச் சமையலறை வாசலிலேயே நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் உள்ளே போய், இல்லாத கரண்டியால் இல்லாத குழம்பைக் கிளறிப் பார்த்தார். குழாயைத் தொட்டார். மேடையில் காய் நறுக்குவது போல் கையை ஆட்டினார். அப்போதுதான் கவனித்தேன், எல்லாமே இடது கை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமும் நான்தான் சமையலறைக்குத் தகுந்தபடி திரும்பிக்கொண்டிருந்தேன். இதை மாற்றிவிடாதே."

வியாழக்கிழமை பத்தரை மணி

லேக் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் சண்முகம் அண்ணாச்சி பதினாறாம் மாடியில் வாங்கியிருந்தார். நிலை வைத்துப் பூஜை போட வேண்டும் என்றார். நிலை தொழிற்சாலையிலேயே பொருத்தித்தான் வரும் என்றேன். யோசித்து, அப்படியானால் அறையைத் தூக்குகிற நேரமாவது நல்ல நேரமாக இருக்கட்டும் என்றார். வியாழக்கிழமை பத்தரை என்று குறித்தோம். மஞ்சள், பூ, குருக்கள், மனைவி, மச்சான் குடும்பம் என்று எல்லாரும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள்.

கிரேன் ஓட்டும் ரஃபீக் பாய் காற்று அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு முடியாது என்றார். சித்திரை மாதத்துக் காற்று விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. மேனேஜர், இந்த ஒரு அறையை மட்டும் ஏற்றிவிடலாமே என்று இழுத்தார். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் போய்க் கெஞ்சினேன். ரஃபீக் பாய் கிரேனை விட்டு இறங்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தொங்கப்போவது அண்ணாச்சியின் வீடு, கீழே நிற்பது அவர் குடும்பம் என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி பூத்தட்டோடு போய்விட்டார்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. வருஷா வருஷம் பார்க்கிற கால்பைசாகி புயல்தான். ஆனால் அன்றைக்கு எங்கள் சைட் ஆபீசின் தகரக் கூரை பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. அண்ணாச்சியின் அறை தார்ப்பாய்க்குள் தரையில் அப்படியே இருந்தது. மறுநாள் காலை அவர் தனியாக வந்தார். கூரையில்லாத ஆபீசைப் பார்த்தார், நேராகப் போய் ரஃபீக் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். காற்று அடங்கியிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால். சரியாக ராகு காலம். பன்னிரண்டு வரை காத்திருக்கலாமா என்று நானே கேட்டேன். அண்ணாச்சி சொன்னார்: "ராகு காலம் ஒன்றரை மணி நேரத்துல போயிரும்மா. காத்து எப்ப திரும்பும்னு யாருக்குத் தெரியும். ஏத்தச் சொல்லுங்க."

ஓர் ஆணி

குடிவந்தவர்களுக்கு நாங்கள் போட்ட முதல் விதி, குறியிட்ட இடம் தவிர வேறெங்கும் ஆணி அடிக்கக் கூடாது. பலகைச் சுவருக்குள் ஒயர் ஓடுகிறது. அலிப்பூர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முகர்ஜி பாபு, குறி ரொம்ப உயரத்தில் இருக்கிறது என்று மூன்று முறை வந்தார். இரண்டு முறை விதிப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் முறை கையைப் பிடிக்காத குறையாக வீட்டுக்கு அழைத்துப்போனார். சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் பென்சிலால் போட்டிருந்த ஒரு புள்ளியைக் காட்டினார்.

இன்ஜினியரைக் கூட்டிவந்து பலகையைக் கழற்றி, உள்ளே கட்டை வைத்து மூடி ஆணி அடித்தோம். செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்த மனைவியின் படத்தை எடுத்து மாட்டினார். இவ்வளவு தாழ்வாக இருந்தால் வருகிறவர்கள் கண்ணில் படாதே என்றேன். அவர் படத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வருகிறவர்களுக்கு இல்லை, மா. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்."

எங்கள் தொழிற்சாலையில் இருந்து அறைகள் எல்லாம் ஒரே அளவில்தான் வந்தன. குடிவந்தவர்களில் ஒருவர்கூட அந்த அளவில் வரவில்லை.