தவறான பெயருக்கு ஓர் இதயக்குறி

விஜயகுமாரிக்குத் தீவுத் தலைநகரின் ஹேடோ பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த குடும்பத்துப் பெண். அதே ஊரின் மின்னி பே பகுதியில் உள்ள நாய்க் காப்பகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் நாலு வரி எழுதினால் மூன்று கால் நாய்க்கும் ஒரு வீடு கிடைத்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை, முதுகெல்லாம் வெந்துபோன ஒரு பெட்டை நாயைத் தூக்கி வந்தார்கள். யாரோ கொதிநீர் ஊற்றியிருந்தார்கள். புண் இரண்டு நாள் பழசு என்றார் டாக்டர். விஜயகுமாரி படத்தைப் போட்டு, 'இதைச் செய்தவர் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதினாள்.

யாரோ ஒருவன் கீழே பெயரையே எழுதிவிட்டான். 'குட்வில் எஸ்டேட் ஆவுடையப்பன். நாயைக் கண்டாலே கல்லெடுப்பார்.' கூடவே வீட்டுப் படம். ஆத்திரத்தில் இருந்த விஜயகுமாரி காப்பகத்தின் பெயரிலேயே அதற்கு ஓர் இதயக்குறி போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். காப்பகமே ஒத்துக்கொண்டதாக ஊர் எடுத்துக்கொண்டது.

ஞாயிறு பகல் அவள் ஃபோனில் ஒரு பெண் அழுதாள்.

"அக்கா, நான் ஆவுடையப்பன் மக சித்ரா. வாசல்ல முப்பது பேரு நிக்கிறாங்க. ஜன்னல உடைச்சிட்டாங்க. அப்பா மெயின்லேண்ட்ல இருந்து நேத்து காலைலதான் கப்பல்ல வந்து எறங்கினாரு. மூணு நாளா கடல்ல இருந்தவரு எப்படிக்கா ஊத்துவாரு?"

விஜயகுமாரி போலீசுக்குச் சொல்லிவிட்டு, பதிவை அழித்தாள். அழித்தென்ன? ஆயிரம் பேர் அதற்குள் பகிர்ந்திருந்தார்கள். காப்பகப் பொறுப்பாளர் ஷோபாவை அழைத்தாள்.

"அழிச்சிட்டேல்ல, பஸ், அது போதும். இனி வாயத் திறக்காத. காப்பகத்துப் பேரு கெட்டா நாளைக்கு நாய்ங்களுக்குச் சோறு யாரு போடுவா?"

"அந்த மனுஷன அடிச்சிட்டாங்கன்னா, ஷோபாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

குட்வில் எஸ்டேட் குடியிருப்புச் சந்தில் இளவட்டங்கள் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். "பாஹர் நிகாலோ!" வெளியே இழுத்து வரச் சொல்லித்தான் அந்தக் கூச்சல். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் கேட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். ஃபோனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து ஃபேஸ்புக் லைவைத் தொட்டாள்.

"நான் விஜயகுமாரி. காப்பகப் பக்கத்துல எழுதறவ நான்தான். விசாரிக்காம இந்தப் பெரியவர் பேருக்கு இதயம் போட்டதும் நான்தான். நாய் மேல தண்ணி ஊத்துனப்ப இவரு கப்பல்ல இருந்தாரு. தப்பு என்னுது. கல்லெறியணும்னா என் மேல எறிங்க."

அதையே இந்தியிலும் சொன்னாள்.  ஒரு கல் வந்து அவள் தோளில் பட்டது. அவள் நகரவில்லை. ஜன்னல் கம்பி வழியே சித்ரா கப்பல் டிக்கெட்டை நீட்டினாள். விஜயகுமாரி அதை எல்லோருக்கும் தெரியப் பிடித்தாள். முன்வரிசையில் நின்றவன் தேதியைப் படித்தான். கேட்டிலிருந்து கையை எடுத்தான். போலீஸ் ஜீப் வரும்போது பாதிப் பேர் கலைந்திருந்தார்கள்.

உள்ளே ஆவுடையப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வேட்டி முழுக்கக் கண்ணாடித் தூள்.

"மன்னிச்சிருங்கய்யா."

"நாயின்னா எனக்கு ஆகாதுதான். தெருவுல வெரட்டியிருக்கேன். அதுக்காகக் கொதிதண்ணி ஊத்துறவன்னு நெனச்சிட்டியேம்மா."

அவள் விளக்குமாறு கேட்டு வாங்கிக் கண்ணாடியைக் கூட்டினாள். வேண்டாமென்று அவர் சொல்லவுமில்லை.

ஷோபா பத்து நாள் பேசவில்லை. பக்கத்தை விட்டு நானூறு பேர் போனார்கள். மன்னிப்பு வீடியோவை மட்டும் விஜயகுமாரி பக்கத்தின் உச்சியிலேயே நிறுத்தி வைத்தாள். ஊற்றியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நாய்க்கு மறுபடி ரோமம் முளைத்தது. புதுப் படம் போட்ட அன்று கீழே யாரோ இன்னொரு பெயரை எழுதினார்கள். அவள் அதை உடனே நீக்கிவிட்டு, எழுதியவனுக்கே ஃபோன் போட்டாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"